இடதுகை வெட்டு

பேயைப் பார்த்தேன் என்று யாராவது செய்தி அறைக்குப் போன் செய்தால் அந்த அழைப்பை என்னிடம்தான் தள்ளிவிடுவார்கள். நாகர்கோவிலில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் பல வருடம் பார்த்தவன் நான். எந்த இடம், வெளிச்சம் எப்படி இருந்தது, கூட யார் இருந்தார்கள், குடித்திருந்தீர்களா என்று வரிசையாகக் கேட்பேன். கடைசிக் கேள்விக்குப் போவதற்குள் பெரும்பாலான கதைகள் படுத்துவிடும். மிச்சம் இருப்பவற்றையும் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. இதை முதலில் சொல்லக் காரணம், இனி வருவதை நீங்கள் எந்த முகத்தோடு வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் நானும் இத்தனை காலம் பிழைத்தேன். நம்பச் சொல்லி வற்புறுத்தவில்லை, நான் பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மழை கழிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை எங்காவது மலையேறப் போவது எங்கள் வழக்கம். நாங்கள் என்றால் கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்த மூன்று பேர். நசீர் தேங்காப்பட்டணத்துக்காரன், ஜவுளி வியாபாரி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். செல்வினுக்குக் குலசேகரம் பக்கம். வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்து, இப்போது புது வீடுகளுக்கு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறான். அந்த வருடம் கீரிப்பாறைக்கு மேலே, காட்டுக்குள் இருக்கும் பழைய எஸ்டேட் பங்களாவுக்குப் போகலாம் என்று நசீர்தான் ஏற்பாடு செய்தான். வனத்துறையில் அனுமதி வாங்கி, துணைக்கு ஒரு வாட்சரையும் கேட்டு வாங்கியிருந்தான். செல்வின் முதலில் வரவில்லை என்றான், பிறகு வருகிறேன் என்றான், அதற்குக் காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவனுடைய அப்பா தாசையன் அந்த எஸ்டேட்டில்தான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தார். செல்வின் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு நாள் விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. தேடினார்கள். கிடைக்கவில்லை. யானை தள்ளியிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். புனலூரில் அவருக்கு ஒரு பெண் உண்டு, அங்கே போய்விட்டார் என்று மற்றவர்கள் சொன்னார்கள், இரண்டாவது பேச்சுதான் ஊரில் நிலைத்தது. உடல் இல்லாததால் அடக்கம் இல்லை. செல்வினின் அம்மா தங்கபாய் தாலியைக் கழற்றவும் இல்லை, சர்ச் சபையில் விதவைகளோடு உட்காரவும் இல்லை, புருஷன் ஓடிப்போனவள் என்ற பெயரோடு இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். செல்வின் அந்தப் பேச்சை நம்பினான். அப்பாவின் பெயர் கேட்கும் இடத்தில் எல்லாம் அவன் முகம் இறுகும். ஆனால் அம்மா அப்போது சிறுநீரகம் பழுதாகி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். போவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும் என்று அவர் மகனிடம் சொல்லியிருந்தார். அவிய என்னை விட்டுட்டுப் போனாவளா, இல்ல செத்தாவளா?

எஸ்டேட் என்று சொன்னால் நீங்கள் வரிசையான மரங்களை நினைப்பீர்கள். அது அப்படி இல்லை. குத்தகை முடிந்து, தொழிலாளர்களை இறக்கி, நிலத்தைத் திரும்பக் காட்டிடம் விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. சுற்றிலும் எப்போதும் வெட்டுப்படாத பெருங்காடு. வெடிப்பலா, நாங்கு மரங்கள் உச்சி தெரியாமல் நிற்கின்றன. பகலிலும் வெளிச்சம் தரைவரை வருவதில்லை. அந்தக் காடு நான்கு பக்கமிருந்தும் உள்ளே வந்து ரப்பர் மரங்களின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவில் கல் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு பங்களா. நாங்கள் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. முழங்கால்வரை அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. வாட்சர் வேலாயுதன் காணி, மலைக்காணிப் பழங்குடிக்காரர், புகையிலை நீரைத் தடவிவிட்டார். அவர் அந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பங்களாவைத் தாண்டி, ஓடைப் பக்கம் அவர் இறங்கியதே இல்லை.

இரவு சாப்பாட்டுக்குக் கஞ்சியும் சுட்ட கருவாடும். செல்வின் சரியாகச் சாப்பிடவில்லை. நசீர் விடவில்லை.

"லே செல்வினே, ஒனக்க அப்பன் இந்த அடுப்புல கஞ்சி வச்சிருப்பாரு, அந்த மரியாதைக்காவது குடி."

"இது வெள்ளக்கார சாயிப்பு பங்களா மக்கா. எங்கப்பன இதுக்க படியேற விட்டிருக்க மாட்டானுவ."

"அப்பம் ஒனக்காவது வாய்ச்சுதே. கால நீட்டிக் கெட."

செல்வின் சிரித்தான். அந்தப் பயணத்தில் அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். பிறகு தூங்கினோம். இரவில் எதுவும் நடக்கவில்லை. கதவு தட்டப்படவில்லை, யாரும் அழவில்லை, நன்றாகவே தூங்கினேன், இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் எழுந்தபோது வெளுக்கத் தொடங்கியிருந்தது. பனிமூட்டம் வராந்தாவின் தூண்வரை வந்து நின்றது. செல்வின் ஏற்கெனவே வெளியே நின்றுகொண்டிருந்தான், தலையைச் சாய்த்துக்கொண்டு.

"கேக்கியா?"

முதலில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பிறகு கேட்டது. தேங்காய் துருவுவதைவிட மெல்லிய சத்தம். இழுத்து, நிறுத்தி, இழுத்து, நிறுத்தி. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது, மறுபடி சற்றுத் தள்ளிக் கேட்கும்.

"மரங்கொத்தியா?" என்றேன்.

"பால்வெட்டு." அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஒரு மரம் முடிச்சு அடுத்த மரத்துக்குப் போறான், கவனி."

பள்ளி விடுமுறைகளில் அப்பாவோடு வெட்டுக்குப் போய்ப் பழகியவன் அவன். அந்தச் சத்தம் அவனுக்குத் தப்பாது. வேலாயுதனைக் கேட்டோம். இங்கே வெட்டுவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை, கீழே இருந்து யாரும் வந்தால் செக்போஸ்ட் தாண்டித்தான் வர வேண்டும் என்றார். நசீர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.

"எவனோ களவாண்டு வெட்டுகான். வாங்க, பிடிப்போம். பத்திரிகைக்காரன் வேற கூட இருக்கான், போட்டோ வரும்."

எனக்கும் அந்த விளக்கம்தான் சரியாகப் பட்டது. ரப்பர் பால் திருட்டு எங்கள் மாவட்டத்தில் புதிதல்ல, நானே அப்படிப் பல செய்திகளைத் திருத்திப் போட்டிருக்கிறேன். வேலாயுதன் கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

முதல் மரம் பங்களாவுக்குப் பின்னால் சரிவில் இருந்தது. கொடி சுற்றிய ரப்பர் மரம். கொடியை விலக்கினால் பட்டையில் புது வெட்டு. அதன் கீழே கம்பியில் மாட்டிய தேங்காய்ச் சிரட்டை நிறைய வெள்ளைப் பால், நிறைந்து வழிந்து, மரத்தின் அடியில் சொட்டியிருந்தது. அது மட்டும் என்றால் களவு என்று முடித்துவிடலாம். மரத்தின் அடியில் ஒரு பாறைபோல ஏதோ இருந்தது. நான் அதன் மேல் காலை வைத்தேன், அமுங்கியது. அது உறைந்த ரப்பர். வழிந்து வழிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக உறைந்து, அடியில் கறுத்து, நடுவில் பழுப்பாகி, மேலே வெளுத்து, என் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அழுகல் நாற்றம். ரப்பர் ஷீட் அடிக்கும் வீட்டுப் பக்கம் போனவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும்.

"களவாணி பால விட்டுட்டா போவான்?" என்றான் செல்வின்.

வேலாயுதன் கம்பின் நுனியால் குவியலைக் குத்திப் பார்த்தார்.

செல்வின் குனிந்து பட்டையைத் தடவிப் பார்த்தான். பால்வெட்டு எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வெட்டிலும் பட்டையில் ஒரு நூல் அளவு சீவி எடுப்பார்கள். வெட்டுக்கோடு நாளாக நாளாகக் கீழே இறங்கும். அடிவரை வந்ததும் மரத்தின் மறுபக்கத்தில் தொடங்குவார்கள். அதுவும் முடிவதற்குள் முதல் பக்கத்தில் பட்டை மறுபடி வளர்ந்திருக்கும், அதிலே வெட்டுவார்கள். வெட்டிய மரத்தைப் பார்த்தால் எவ்வளவு காலமாக வெட்டு நடக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த மரத்தில் இரண்டு பக்கமும் முடிந்து, வளர்ந்த பட்டையிலும் இரண்டு பக்கமும் முடியப்போகிற நிலையில் இருந்தது.

"எஸ்டேட் பூட்டின பிறகும் வெட்டு நின்னதே இல்ல," என்றான். பிறகு விரலை வெட்டுக்கோட்டின் மேல் வைத்து மெதுவாக இழுத்தான். "இத பாரு."

நான் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

"எந்த ரப்பர் மரத்தயும் போய்ப் பாரு. கோடு இடப்பக்கம் ஒசந்து வலப்பக்கம் எறங்கும். அப்பிடி வெட்டினாதான் பால் கூட வரும். இது வலப்பக்கம் ஒசந்து இடப்பக்கம் எறங்குது."

"அதுக்கு என்ன மக்கா?" என்றான் நசீர்.

"எங்கப்பன் இடதுகை."

அதற்கு மேல் அவன் சொன்னதை நடந்துகொண்டே சொன்னான். தாசையனுக்கு எவ்வளவு சொல்லியும் வலது கையில் கத்தி படியவில்லை. தலைகீழாக வெட்டி எஸ்டேட் பாலைக் குறைக்கிறான் என்று சூப்பர்வைசர் தினமும் திட்டுவார். கடைசியில், எவரும் கேட்டு வாங்காத ஓடை ஓரத்து மரங்களை அவருக்கு ஒதுக்கிவிட்டார்கள். குழித்துறைக் கொல்லனிடம் சொல்லி, எதிர்ப்பக்கம் சாணை பிடித்த கத்தி ஒன்றைத் தாசையன் தனியாகச் செய்து வைத்திருந்தார். அப்படி ஒரு கத்தி அந்த எஸ்டேட்டில் வேறு எவரிடமும் கிடையாது.

அடுத்த மரத்திலும் அதே சரிவு. அதற்கடுத்ததிலும். எல்லா மரத்தின் அடியிலும் அந்தக் குவியல். நான் பழக்கத்தில் வேறொன்றைக் கவனித்தேன். முதல் மரத்தில் பால் சொட்டுவது நின்று, மேலே ஆடை கட்டியிருந்தது. பின்னால் வந்த மரங்களில் நின்று நின்று சொட்டியது. இன்னும் போகப் போகச் சொட்டு வேகமாக விழுந்தது. ஓரிடத்தில் சிரட்டையின் அடிகூட நனையாமல், பால் இப்போதுதான் கோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் அர்த்தம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வெட்டுகிற ஆள் எங்களுக்கு முன்னால், அருகில் இருக்கிறார், நாங்கள் அவரைவிட வேகமாகப் போகிறோம்.

நசீர் என் சட்டையைப் பிடித்தான். "திரும்பலாம். நான் சொல்லுகேன், திரும்பலாம்."

"நீ போ," என்றான் செல்வின். "எனக்குப் பாக்கணும். எதுக்கு எங்கள விட்டுட்டுப் போனாருன்னு கேக்கணும்."

அவன் வேகமாக நடந்தான். நாங்கள் பின்னால் ஓடினோம். சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது, புதருக்கு அந்தப் பக்கம், இழுத்து, நிறுத்தி, இழுத்து. செல்வின் புதரைப் பிளந்துகொண்டு போனான். சத்தம் நின்றது.

அங்கே யாரும் இல்லை. ஒரு மரம் இருந்தது. ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் பாதி வேர் வெளியே தொங்க நின்றது. வெட்டுக்கோடு பாதிவரைதான் வந்திருந்தது. சீவிய பட்டைச் சுருள் அறுபடாமல் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை, நான் அதைப் பார்த்தேன், ஓர் இலைகூட அசையவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெட்டுப்பட்ட இடத்தில் வெள்ளையாக முத்து முத்தாகப் பால் கிளம்பியது. வெட்டுப்படாத பாதியில் பாசி படிந்திருந்தது.

செல்வின் மரத்தின் முன்னால் போய் நின்றான். வலது கையை மரத்தில் ஊன்றி, இடது கையில் கத்தி இருப்பதுபோல வைத்துக்கொண்டு, வெட்டுக்கோடு தொடங்கும் இடத்திலிருந்து இழுத்துக் காட்டினான். பால்வெட்டுகிறவர்கள் கத்தியைத் தங்களை நோக்கி இழுத்தபடியே மரத்தைச் சுற்றிப் பின்னால் நகர்வார்கள். அவனும் நகர்ந்தான். ஓர் அடி. இன்னும் ஓர் அடி. சுருள் தொங்கிய இடத்துக்கு வந்தான். அடுத்த அடிக்குக் காலைப் பின்னால் எடுத்தபோது நசீர் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தான். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். செல்வினின் கால் எங்கே ஊன்றப் போனதோ அங்கே தரை இல்லை. மேலே சருகு மூடிய ஈத்தல் மூங்கில் புதர், கீழே பள்ளம்.

வலது கைக்காரன் அந்த மரத்தை வெட்டினால் மலைப்பக்கமாக நகர்ந்திருப்பான். ஒன்றும் ஆகியிருக்காது.

செல்வின் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். வேலாயுதன் மட்டும், மிருகத் தடம் ஒன்றைப் பிடித்து, சுற்றிக்கொண்டு கீழே இறங்கினார். வெகுநேரம் அவர் கம்பால் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு கூப்பிட்டார்.

"சாரே, ஆளு இஞ்சதான் கெடக்கு."

மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி, இரண்டு பாறைகளுக்கு இடையில் எலும்புகள் இருந்தன. கொஞ்சம்தான், மற்றவற்றை ஓடை கொண்டுபோயிருக்க வேண்டும். பக்கத்தில் துருவேறிய கத்தி. செல்வின் அதைக் கையில் எடுக்கவில்லை, குனிந்து பார்த்தான். சாணை எதிர்ப்பக்கம் இருந்தது.

"ஓடிப் போகலயே," என்றான். "இஞ்சயேதான் இருந்திருக்காரு. நான் என்னவெல்லாம் சொன்னேன் அவர."

நசீர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு அரபியில் ஓதினான். நான் நின்றேன். எனக்கு அந்த நேரத்தில் செய்யத் தெரிந்தது போட்டோ எடுப்பது மட்டும்தான், அதையும் எடுக்கவில்லை.

போலீசும் வனத்துறையும் வந்து முறைப்படி எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் ஒரு பகல் முழுக்கக் கொட்டிய மழையில் பால் எல்லாம் கரைந்து போயிருந்தது. வந்தவர்களிடம் வெட்டைக் காட்டினேன். பழைய எஸ்டேட் மரம் சார், வெட்டு இருக்கத்தானே செய்யும் என்றார்கள். குவியல்களைக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். காணாமல் போன தொழிலாளியின் எலும்புகள் கிடைத்தன என்று எங்கள் பத்திரிகையில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. எழுதியது நான்தான். அதில் பால் என்ற சொல் இல்லை.

பரிசோதனை எல்லாம் முடிந்து ஒப்படைக்க மாதங்கள் ஆயின. சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. அந்தச் சின்னப் பெட்டிக்கு அவ்வளவு கூட்டம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புனலூர்ப் பேச்சைப் பேசியவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். தங்கபாய் அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அழவில்லை. முகம் நிமிர்ந்து இருந்தது. பாட்டுப் படிக்கும்போது உதடு அசைந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு செல்வின் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்ல வேண்டாம் என்று நான் கண் காட்டினேன், அவன் கவனிக்கவில்லை. சத்தம் கேட்டது, மரங்கள், புதுவெட்டு, வழிந்து உறைந்த குவியல் எல்லாம். அந்த அம்மா கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவன் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பால யாரும் எடுக்கலியா?"

"இல்லம்மா."

"ஒரு நாளும்?"

"இல்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். "மக்களே, அவிய வெட்டிட்டுப் போவாவ. நான் வாளிய எடுத்துட்டுப் பின்னால போயி பால எடுப்பேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்பிடித்தான். அன்னைக்கு எனக்குப் பனி. எந்திக்க முடியல்ல. நீங்க போங்க, கொஞ்சம் வெயில் வந்ததும் பின்னால வாறேன்னு சொன்னேன்."

பனி என்றால் எங்கள் பக்கம் காய்ச்சல்.

"போகல்ல," என்றார். "நான் வருவேன்னுல்லா வெட்டிட்டே இருந்திருக்காவ."

செல்வின் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, அடக்கம் பண்ணியாச்சும்மா, அப்பா இனி தூங்குவாரு என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார், ஆனால் அவர் கவனம் அங்கே இல்லை. அவ்வளவு பாலும் வீணாப் போச்சே என்று ஒரு தடவை சொன்னார். நான் வெளியே வந்து என் பைக்கின் மேல் உட்கார்ந்தேன்.

அடுத்த மழைக்காலம் முடியும் முன்னால் அவர் போய்விட்டார். தாசையனுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.

பத்து நாள் சடங்கெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. வீடு சீக்கிரம் அமைதியாகிவிட்டது. ஒரு நாள் செல்வின் போன் செய்தான்.

"மேல போகணும் மக்கா. நின்னுட்டுதான்னு பாக்கணும்."

"எது?"

"வெட்டு. ரெண்டு பேரும் இப்பம் ஒண்ணாத்தான் கெடக்காவ. நின்னிருக்கணும்லா. நின்னிருந்தா எனக்கும் ராத்திரி கொஞ்சம் ஒறக்கம் வரும்."

நசீரைக் கூப்பிட்டோம். ஜீப் போகும் இடம்வரை வந்தான், அதற்கு மேல் வரவில்லை. "அன்னைக்கு ஒன்னப் பிடிச்சதோட எனக்க பங்கு தீந்துட்டு," என்றான். அதில் கேலி இல்லை. வேலாயுதன் காணி எங்களோடு வந்தார். இந்த முறை அங்கே தங்கவில்லை. கீழே இருந்து அதிகாலையில் கிளம்பி, வெயில் ஏறும் நேரத்துக்குப் பங்களாவைக் கடந்தோம். மூடுபனி இல்லை. காடு நன்றாகத் தெரிந்தது. நல்ல வெளிச்சத்தில்தான் பார்த்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

முதல் மரத்தில் பட்டை ஈரமாக இருந்தது. புது வெட்டு. வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் இறங்கும் வெட்டு. செல்வின் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு திறந்து, சிரட்டையைப் பார்த்தான்.

சிரட்டையில் பால் இல்லை. அது கம்பியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

பால் எடுத்து முடித்தால் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பார்கள். மழைத் தண்ணீரும் சருகும் விழாமல் இருக்க. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ஒரு சொட்டும் வீணாகாமல் விரலால் வழித்து எடுத்த தடம், உள்ளே வளைந்து வளைந்து தெரிந்தது. தடம் இன்னும் ஈரமாக இருந்தது. அவன் தன் விரலை அதில் வைத்தான். அவன் விரலைவிடச் சிறிய விரல்.

அடுத்த மரம். சிரட்டை கவிழ்ந்திருந்தது. அதற்கடுத்த மரம். அங்கேயும்.

"இன்னைக்கு ஞாயிற்றுக்கெழமை," என்றான் செல்வின்.

அவனுக்கு வேலை இல்லாத நாள் என்றுதான் அன்று கிளம்பியிருந்தோம். எனக்கு முதலில் புரியவில்லை.

"எங்க வீட்டுல ஞாயிற்றுக்கெழமை கத்தியத் தொட அம்மா விடமாட்டாவ. எவ்வளவு கஷ்டத்திலயும். விலை கூடி, ஊரே வெட்டினப்பமும் விடல்ல. கோயிலுக்குப் போணும், வந்து சாப்பிடணும், தூங்கணும். எங்கப்பன் வாரத்துல ஒரு நாளாவது தூங்கணும்னு சொல்லுவாவ." அவன் கவிழ்ந்திருந்த சிரட்டையைத் தொட்டான். "அதுவும் போச்சா மக்கா?"

அப்போது முன்னால், ஓடைப் பக்கம், சத்தம் வந்தது. தகர வாளியின் கைப்பிடி கிரீச்சிடும் சத்தம். சருகில் காலடிகள். ஓர் ஆளின் நடை இல்லை. இரண்டு நடை, ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக. வேலாயுதன் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவருக்கும் கேட்டது, பிறகு நான் தனியாக அழைத்துக் கேட்டேன், கேட்டது என்றார்.

செல்வின் கையை வாயைச் சுற்றி வைத்துக்கொண்டு கத்தினான்.

"அம்மா! போதும்மா! அப்பாவக் கூட்டிட்டு எறங்குங்க! இன்னைக்கு ஞாயிறும்மா!"

காலடிகள் நின்றன. வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பால் நிறைந்த வாளியை வைத்தால் வரும் கனத்த சத்தம். அதன் பிறகு காட்டில் எதுவும் இல்லை. பூச்சிகூட இல்லை. நாங்கள் நின்றோம். செல்வின் மறுபடி கூப்பிடவில்லை. ஒரு மனிதர் யோசிப்பதற்கு எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் போனது.

பிறகு வாளியின் கைப்பிடி கிரீச்சிட்டது. இரண்டு நடையும் அடுத்த மரத்தை நோக்கிப் போயின.

செல்வினை இறக்கிக் கொண்டுவருவது எனக்கும் வேலாயுதனுக்கும் பெரும்பாடாக இருந்தது. இதற்கெல்லாம் என்னிடம் விளக்கம் இல்லை. நீங்கள் ஏதாவது விளக்கம் வைத்திருந்தால் அதை நான் மறுக்கப்போவதும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் இப்போதும் என்னை விடுவதில்லை. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் மணி அடித்து, எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது அது வந்து என் முன்னால் நிற்கும். அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் எனக்கு இவ்வளவு பாரம் இருக்காது. கேட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, மகன் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள். கேட்ட பிறகுதான் மறுபடி வேலைக்குப் போனார்கள்.